இமயப் பனியும் தாது ஆண்டும்

காசுமீரத்தில் பாராமுல்லா மாவட்டத்தில் குல்மார்க் என்னும் மலைப்புல்வெளி ஒன்று உண்டு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரம் கொண்டது. ஆங்கிலேய அதிகாரிகள் 1927ஆம் ஆண்டில் அங்கே இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தைத் தோற்றுவித்தனர். அன்று தொட்டு, குளிர்காலம் வந்ததும் பனிமீது சறுக்கி விளையாடுவோர் அவ்விடத்தை நாடிச் செல்கின்றனர். டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கும் நாற்பது நாளைக் காசுமீர மக்கள் 'சில்லை கலான்' என்பர். பெருங்குளிர் என்பது பொருள். பனி மிகுதியாகப் பெய்ய வேண்டிய காலம் அதுவே.

2024ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அந்தப் பனி பெய்யவில்லை. வெண்மை போர்த்திக் கிடக்க வேண்டிய சரிவுகள் காய்ந்த புல்லின் பழுப்பு நிறத்தில் கிடந்தன. திங்களின் இறுதியில்தான் பனி வந்தது. அடுத்த ஆண்டிலும் அதே குறை நேர்ந்தது. 2025 பிப்ரவரி 22ஆம் நாள் குல்மார்க்கில் தொடங்கவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுகள் பனி இன்மையால் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச்சுத் திங்களில் நடைபெற்றன. நடுநிலக் கடற்பகுதியில் தோன்றிக் கிழக்கு நோக்கி வரும் மேலைக் காற்றழுத்தக் குலைவுகளே இமயத்திற்குக் குளிர்காலப் பனியைக் கொணர்கின்றன. அவை வலுக்குன்றினாலும் வழிமாறினாலும் பனிச்சறுக்குப் பருவம் சுருங்கிவிடும்.

வெயிலும் மழையும் அன்றி வேறு பருவம் அறியாத செபராங் பிறையில், புக்கிட் தெங்காவில் இருந்துகொண்டு இமயத்துப் பனியைப் பற்றி எழுதுவானேன் என்று இந்நூலைப் படிக்கும் ஆசிரியர் சிலரேனும் வினவக்கூடும். இந்திய அரசாங்கம் இமயப் பனியை முதன்முதலாக அளந்து கணக்கெடுக்கத் தொடங்கியது விளையாட்டின் பொருட்டன்று; பஞ்சத்தின் பொருட்டு. அந்தப் பஞ்சமோ நம் முன்னோர் பலரை ஊரைவிட்டுக் கிளப்பிய பஞ்சம். ஆகவே குல்மார்க்கின் வெண்பனிக்கும் வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு ஒன்று உண்டு. நம் பாடநூல்கள் அதனைப் பேசுவதில்லை.

சொல்லைப் பற்றியும் இங்கு ஒன்று கூற வேண்டும். தமிழில் பனி என்பது முதற்கண் புல்நுனியில் துளிக்கும் நீரையும், மார்கழி தைத் திங்களின் ஈரக் குளிரையுமே குறித்தது. தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்டது. அந்தப் பனியில் எவரும் சறுக்கி விளையாட இயலாது. வானிலிருந்து பஞ்சுபோல் விழுந்து மலையை மூடும் வெண்பொருளுக்குத் தமிழன் தனிச்சொல் ஆக்கவில்லை. கண்டிராத பொருளுக்குக் கண்ட பொருளின் பெயரையே நீட்டி வழங்கினான். இமயமோ அவனுக்குப் புகழின் எல்லை. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்திற்குரிய சேரன் இமயவரம்பன் என்றே பெயர் பெற்றான். அம்மலை உச்சியின் குளிர் தன் வயலின் மழையோடு தொடர்புடையது என்று அந்நாளில் எவரும் எண்ணியிருக்க வழியில்லை.

இனி, பஞ்சத்திற்கு வருவோம். 1876ஆம் ஆண்டு ஏப்ரலில் பிறந்த தமிழ் ஆண்டு தாது. அவ்வாண்டில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. தமிழ்நாட்டு உழவனுக்கு இரண்டாவது மழையே உயிர்மழை. ஏரிகளும் கண்மாய்களும் நிரம்புவது அதனால்தான். ஒன்று தவறினால் மற்றொன்று தாங்கும். இரண்டும் தவறியபோது தாங்குவதற்கு எதுவும் இல்லை. பெல்லாரி, கர்நூல், கடப்பை ஆகிய தெலுங்கு, கன்னடப் பகுதிகளோடு வட ஆர்க்காடு, சேலம், கோயம்புத்தூர், மதுரை முதலிய தமிழ் மாவட்டங்களும் வறண்டன. அடுத்து வந்த ஈசுவர ஆண்டிலும் துன்பம் நீடித்தது. மைசூர், பம்பாய் மாகாணப் பகுதிகள் ஆகியவற்றையும் சேர்த்து மாண்டவர் தொகை ஐம்பது இலட்சத்திற்கும் மேல். 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருந்ததைவிட 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்து காணப்பட்டது. பத்து ஆண்டில் பெருக வேண்டிய மாவட்டம் சுருங்கியது என்றால், அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. நாட்டுப்புறத்தில் இது 'தாது வருடப் பஞ்சம்' என்றே நிலைபெற்றது. இதனைப் பாடிய கும்மிகளும் எழுந்தன.

மழை பொய்த்ததனால் மட்டுமே மக்கள் மாண்டனர் என்று எழுதுவது அரைகுறை வரலாறாகும். 1877 சனவரி முதல் நாள் தில்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என அறிவிக்கும் தர்பார் நடந்தது. அரசப் பேராளர் லிட்டன் பிரபு அதன் தலைவர். தானியத்தின் விலை எட்டாத உயரத்திற்கு ஏறியிருந்த காலத்திலும் தானிய ஏற்றுமதி தடை செய்யப்படவில்லை. வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கை அன்று வேதவாக்காக இருந்தது. சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் தம் பொறுப்பில் தானியம் வாங்கச் செய்தபோது கல்கத்தா அதனைக் கண்டித்தது. சர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்ச ஆணையராக அனுப்பப்பட்டார். இவரே 1874ஆம் ஆண்டு பீகாரில் பஞ்சம் தோன்றியபோது பர்மாவிலிருந்து அரிசியைத் தாராளமாக வரவழைத்து மக்களைக் காத்தவர்; செலவு மிகுந்துவிட்டது என்று பழியும் சுமந்தவர். அந்தப் பழியைத் துடைக்க எண்ணினார் போலும். சென்னை மாகாணத்தில் நிவாரண வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று வகுத்தார். மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு இராத்தல்! அதாவது அரைக் கிலோவிற்கும் குறைவு. மாகாணத்தின் நலத்துறை ஆணையர் மருத்துவர் கார்னிசு இதனை வன்மையாக எதிர்த்தார். சில திங்களுக்குப் பின்னரே கூலி உயர்த்தப்பட்டது. பெற்ற கூலி போதாமல் வேலைத்தளத்திலேயே வீழ்ந்தவர் பலர். சென்னையின் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்நாளைய நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. இன்று அதன் கரையில் நடப்போர் இதனை எண்ணுவதில்லை.

மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றி ஓய்வு பெற்றிருந்த வேதநாயகம் பிள்ளை அந்நாளில் தம் பொருளைக் கொண்டு கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளைக் காத்தார். தமிழ் மாணவர் அவரைப் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவராகவே அறிவர். அந்நூல் 1879இல், பஞ்சத்தின் சுவடு மறையுமுன் வெளிவந்தது என்பதையும் சேர்த்துக் கற்பிக்கலாம்.

ஊரில் இருந்தால் சாவு, வெளியேறினால் பிழைப்பு என்னும் நிலை வந்தபோது மக்கள் நடந்தனர். சிலர் கண்டிச் சீமைக்கு; சிலர் பர்மாவிற்கு; சிலர் நாகப்பட்டினத்துத் துறைக்கு. அங்கிருந்து கப்பலேறினால் ஒரு வாரத்தில் பினாங்கு. எதிரே இருந்த வெல்லெஸ்லி மாநிலம் 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற நிலப்பகுதி. இன்றைய செபராங் பிறை. பத்து காவானிலும் நிபோங் திபாலை அடுத்த கலிடோனியாவிலும் பிறை ஆற்றின் அருகிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. சதுப்பை வடித்து, வாய்க்கால் வெட்டிக் கரும்பு நட ஆள் வேண்டியிருந்தது. 1867இல் நீரிணைக் குடியேற்ற நாடுகள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்தபின் ஆள் அனுப்புவதில் சட்டச் சிக்கல் எழுந்தது. 1872இல் அது தீர்க்கப்பட்டது. ஆகவே தாது ஆண்டு பிறந்தபோது கதவு திறந்தே இருந்தது. இங்குத் தோட்டக்காரருக்கு ஆள் தேவை, அங்குப் பசித்தவனுக்குச் சோறு தேவை. இரண்டும் ஒப்பந்தத் தாளில் ஒன்றுசேர்ந்தன. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவனை, அல்லது கைநாட்டு வைத்தவனை, சஞ்சிக்கூலி என்றனர். அம்முறை மலாயாவில் 1910ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது.

'வறுமையின் காரணமாக இந்தியர் மலாயாவிற்கு வந்தனர்' என்னும் ஒரே வரியில் நம் பிள்ளைகள் இதனைப் படித்துத் தேர்வெழுதிவிட்டுப் போகின்றனர். வறுமை என்பது வானத்திலிருந்து விழுந்த பொருளா? அதற்கு ஆண்டு உண்டு, விலை உண்டு, ஆணை உண்டு, ஆணையிட்டவன் பெயரும் உண்டு. இத்தனையும் கூறாமல் வறுமை என்று மட்டும் கூறினால், வந்தவர்மீதே ஏதோ குறை இருந்ததுபோல் மாணவன் எண்ணிக்கொள்வான்.

இந்தப் பேரழிவின் நடுவேதான் இமயப் பனி அரசாங்கத்தின் கவனத்திற்கு வந்தது. இந்திய வானிலைத் துறை 1875ஆம் ஆண்டில், பஞ்சத்திற்கு ஓராண்டு முன்னரே தொடங்கப்பட்டிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிரான்சிசு பிளான்போர்டு. இவர் நில இயல் ஆய்வாளராக இந்தியாவிற்கு வந்தவர். பாறையைப் படித்தவர் காற்றைப் படிக்கத் தலைப்பட்டார். 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வடமேற்கு இமயத்தில் பனி வழக்கத்தினும் மிகுதியாகவும், காலம் கடந்தும் பெய்ததை அவர் குறித்துக்கொண்டார். அவ்வாண்டுக் கோடையில் வடஇந்தியாவில் மழை பொய்த்தது. இரண்டிற்கும் தொடர்பு இருக்குமோ என்று ஐயுற்றார். பஞ்சத்தை ஆராய அமைந்த ஆணையம் 1880இல் அறிக்கை தந்தபின், மழையை முன்கூட்டி அறிய வழியுண்டா என்று அரசாங்கமும் அவரை வினவியது. 1882 முதல் 1885 வரை அவர் வெள்ளோட்டமாக முன்னறிவிப்புகளை எழுதிப் பார்த்தார். 1884இல் இமயப் பனிக்கும் இந்திய வறட்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இலண்டன் அரசக் கழகத்தின் ஏட்டில் கட்டுரை வெளியிட்டார். 1886 சூன் 4ஆம் நாள் முதல் முறையான பருவமழை முன்னறிவிப்பு வெளிவந்தது. ஒரு பெரு நிலப்பரப்புக்கு ஒரு பருவம் முழுதும் எப்படி இருக்கும் என்று ஓர் அரசாங்கம் முன்கூட்டிக் கூறத் தொடங்கியது அன்றுதான் எனலாம்.

பிளான்போர்டின் கருத்து எளியது. மாணவர்க்கும் விளங்கக் கூடியது. கோடையில் ஆசிய நிலப்பரப்பு கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. சூடேறிய நிலத்தின் மேல் காற்று விரிந்து எழ, கடலிலிருந்து ஈரக்காற்று உட்புகுகிறது. அதுவே தென்மேற்குப் பருவக்காற்று. மலைமேல் பனி மிகுந்து கிடந்தால் கதிரவனின் ஒளியில் பெரும்பகுதி வெண்மையில் பட்டுத் திரும்பிவிடும். எஞ்சிய வெப்பமும் பனியை உருக்குவதிலேயே செலவாகும். நிலம் காலந்தாழ்ந்து சூடேறும், பருவக்காற்று வலுவிழக்கும். ஆகவே பனி மிகுந்தால் மழை குறையும், பனி குறைந்தால் மழை மிகும் என்பது அவர் கண்ட முறை.

ஆனால் இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் மழை பொய்த்தது 1876இல். பிளான்போர்டு குறித்த பனி பெய்ததோ அதற்குப் பின்னர். எனவே தாது ஆண்டின் வறட்சிக்கு அந்தப் பனி காரணமாகாது. மேலும், பனியால் தளர்வது தென்மேற்குக் காற்று. தமிழ்நாட்டின் உயிர்மழையோ வடகிழக்குக் காற்றினால் வருவது. வடக்கே உள்ளோருக்காக எழுதிய முன்னறிவிப்பு தமிழ் உழவனுக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. தமிழனின் சாவு வினாவை எழுப்பியது. விடை மட்டும் வடநாட்டு வயலுக்குக் கிடைத்தது.

பிளான்போர்டுக்குப் பின் 1889இல் பொறுப்பேற்ற ஜான் எலியட்டு பனியோடு வேறு பல குறிகளையும் சேர்த்து நீண்ட முன்னறிவிப்புகளை எழுதினார். 1899ஆம் ஆண்டில் நல்ல மழை வரும் என்று கூறப்பட்டது. வந்தது பெரும் வறட்சி. செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. பின்னர்ச் சில ஆண்டுகள் முன்னறிவிப்புகள் மக்களுக்கு வெளியிடப்படாமல், அதிகாரிகளுக்கு மட்டும் கமுக்கமாக அனுப்பப்பட்டன. தவறிய அறிவைத் திருத்துவதற்கு மாறாக மறைத்துவைப்பது அரசாங்கங்களுக்கு என்றும் எளிதாகவே இருந்திருக்கிறது.

1904இல் வந்தவர் கில்பர்ட்டு வாக்கர். இவர் வானிலை பயின்றவர் அல்லர். கேம்பிரிட்சில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். வளைதடி எறிவதில் பேரார்வம் கொண்டவர். ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் என்று கதை சொல்வதை விட்டுவிட்டு, உலகின் பல மூலைகளிலிருந்து வந்த அளவைகளை இந்தியக் கணக்கர்களைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் வகுத்த முதல் வாய்பாட்டில் இமயப் பனிக்கு இடம் இருந்தது. அதனோடு மொரீசியசின் காற்றழுத்தம், தென்னமெரிக்காவின் காற்றழுத்தம், சான்சிபாரின் மழை ஆகியனவும் இடம்பெற்றன. ஆய்வு விரிய விரிய, பசிபிக்குப் பெருங்கடலில் காற்றழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடலில் தாழ்கிறது, அங்குத் தாழ்ந்தால் இங்கு உயர்கிறது என்னும் பேருண்மை அவருக்குப் புலப்பட்டது. 1920களில் அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். ஊஞ்சலின் இரு முனைபோல் இயங்கும் இந்த அலைவும், பெரு நாட்டுக் கரையில் கடல்நீர் சூடேறும் எல் நினோவும் ஒரே இயக்கத்தின் இரு கூறுகள் என்பதை 1969இல் யாக்கோப்பு பியர்க்கனெசு விளக்கினார். 1877, 1878 ஆண்டுகளில் மிகக் கடுமையான எல் நினோ நிகழ்ந்தது என்பது பின்னர் உறுதிப்பட்டது. பிளான்போர்டு தேடிய குற்றவாளி மலையுச்சியில் மட்டும் இல்லை. பல்லாயிரம் கல் தொலைவில், அவர் பார்வை எட்டாத கடலிலும் இருந்தது.

வாக்கரைப் பற்றித் தமிழர் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. 1913 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்திருந்தபோது, துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த ஓர் இளைஞரின் கணிதக் குறிப்பேடுகள் அவரிடம் காட்டப்பட்டன. அவற்றின் சிறப்பை உணர்ந்த வாக்கர், அவ்விளைஞர் பிழைப்புக் கவலையின்றி ஆராய்ச்சி செய்ய உதவ வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். திங்களுக்கு 75 உரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்த எழுத்தர் சீனிவாச இராமானுசன். பருவமழையைத் தேடி வந்தவர் வழியில் ஒரு கணித மேதைக்கு ஊன்றுகோலானார்.

இமயப் பனி அதன்பின் நெடுங்காலம் அறிஞர் கவனத்திலிருந்து விலகியிருந்தது. துணைக்கோள்கள் வானிலிருந்து பனிப்பரப்பைப் படம்பிடிக்கத் தொடங்கியபின், 1976இல் ஹான், சுக்லா என்னும் இருவர் ஐரோப்பிய ஆசியப் பனிப்பரப்பையும் இந்திய மழையையும் ஒப்பிட்டு, பிளான்போர்டு கூறிய தலைகீழ்த் தொடர்பு உண்மையே என்று காட்டினர். தாது ஆண்டிற்குச் சரியாக நூறாண்டு கழித்து! பிற்காலத்தில் இத்தொடர்பு எல்லா ஆண்டுகளிலும் ஒரே அளவில் நிற்பதில்லை என்றும் கண்டறிந்தனர். ஆகவே 2024 சனவரியில் குல்மார்க்கில் பனி இல்லை என்பதை வைத்து, அவ்வாண்டு மழை இப்படித்தான் பெய்யும் என்று எந்த அறிஞரும் துணிந்து சொல்லமாட்டார்.

இன்று பருவ முன்னோக்கு என்பது தனி ஒருவரின் வாய்பாடு அன்று. பல நாடுகள் கூடி எழுதும் அறிக்கை. தென்னாசிய நாடுகளின் காலநிலை முன்னோக்கு மன்றம் 2010ஆம் ஆண்டில் பூனாவில் தொடங்கியது. ஆசியான் நாடுகளின் மன்றம் 2013இல் சிங்கப்பூரில் தொடங்கியது. மழை பெய்யும், பெய்யாது என்று இவை அறுதியிட்டுச் சொல்வதில்லை. இயல்புக்கு மேல், இயல்பு, இயல்புக்குக் கீழ் என மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று கூறுகின்றன. எலியட்டுக்கு நேர்ந்த இழுக்கு இவர்களுக்கு நேராமைக்கு இந்த அடக்கமும் ஒரு காரணம். பனிச்சறுக்கு நடத்துவோரும் நீர்மின் நிலையத்தாரும் உழவரும் இதே அறிக்கையைத்தான் பார்க்கின்றனர். ஒருவருக்கு அது பொழுதுபோக்கு, மற்றவருக்கு அது சோறு.

1876இல் இத்தகைய அறிக்கை இருந்திருந்தால் பஞ்சம் தடுக்கப்பட்டிருக்குமா என்று மாணவர் கேட்பதுண்டு. ஐப்பசி மழை தவறிய செய்தி கார்த்திகையிலேயே கல்கத்தாவிற்குத் தெரியும். தெரிந்த பின்னும் கூலியைக் குறைத்தவர்கள், ஆறு திங்கள் முன்னரே தெரிந்திருந்தால் களஞ்சியம் கட்டியிருப்பார்கள் என்று நம்புவதற்கு எனக்குச் சான்று கிடைக்கவில்லை. 1880ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் வகுக்கப்பட்ட பஞ்ச விதிகள், எப்போது வேலை தர வேண்டும், எவ்வளவு தர வேண்டும் என்று வரையறுத்தன. முன்னறிவிப்பைவிட அவ்விதிகளே பிற்காலத்தில் மிகுதியான உயிரைக் காத்திருக்கும் என்பது என் கருத்து.

பினாங்குக்கும் செபராங் பிறைக்கும் வரும் குடிநீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மூடா ஆற்றிலிருந்து கிடைக்கிறது. சனவரியும் பிப்ரவரியும் இங்கு வறண்ட திங்கள்கள். ஆசியாவின் உட்பகுதிக் குளிரிலிருந்து புறப்படும் வடகிழக்குக் காற்று கிளந்தானிலும் திரங்கானுவிலும் மழையைக் கொட்டிவிட்டு, தித்திவங்சா மலையைத் தாண்டி ஈரம் வற்றியே நம்மிடம் வருகிறது. அதே குளிர்காலக் காற்றுதான் அக்கரையில் நாகப்பட்டினத்திற்கு மழை தருவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்கான தென்னாசிய அறிக்கை செப்டம்பரை ஒட்டி வருகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கான ஆசியான் அறிக்கை நவம்பரில் வருகிறது. முன்னோர் ஒரு வாரத்தில் கடந்த கடலின் இரு கரைகளும் இப்போது இரு வேறு தாள்களில் இருக்கின்றன. ஆண்டிறுதியில் இவ்விரண்டையும் அருகருகே சுவரில் மாட்டி, நிலப்படத்தில் வங்கக் கடலின் இரு கரைக்கும் வண்ணம் தீட்டச் சொல்லலாம். ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளால் செய்யக்கூடிய வேலைதான் அது.